உப்பு, கரி, செப்புத் தகடு

என் மாமியார் தன் ஆயுளில் யாரையும் முழுசாக நம்பியதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கே அதில் பெருமைதான். "நம்பறது தப்பில்லீங்க, கதவத் தாப்பாப் போட்டுட்டு நம்போணும்" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமே சொல்வார். பாவம், அந்த விருந்தாளி கையில் இருக்கும் காபியைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று முழிப்பார்.

சேலத்தில் நாமக்கல் பஸ்ஸில் ஏறும் முன் "புதுச்சத்திரத்துல நிக்குமா?" என்று கண்டக்டரைக் கேட்பார். நிற்கும் என்றால் டிரைவரைக் கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். ஒருமுறை அந்த மூன்று பேரும் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை என் காதோரம் குனிந்து, "மூணு பேரும் ஒண்ணாட்டச் சொல்றாங்க அம்மிணி, அதுதான் ஒரு மாதிரியா இருக்குது" என்றார். ஊர் வந்து இறங்கும் வரை சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் எருமை ஒன்று இருந்தது. பால் குறைந்தால் அதன் முகத்தைப் பார்த்து, "கள்ளி, மடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு எப்படி நிக்கறா பாரு" என்பார். வாயில்லாத ஜீவனுக்கே அந்த மரியாதை என்றால், சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன எனக்கு என்ன கிடைத்திருக்கும்? என் பெட்டியை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நான் திறக்கும் நேரத்தில் மட்டும் அந்த அறையில் அவருக்கு ஏதாவது சோலி இருக்கும். நெல் மூட்டையைத் தட்டிப் பார்ப்பார், எலிப்பொறியை நகர்த்துவார்.

மாமனார் அப்போதே இல்லை. என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் பக்கம் போனால் திரும்பி வருகிற நாள் அவருக்கே தெரியாது. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. அவர் என்னைக் கவனிப்பார், அவர் கவனிப்பதை நான் கவனிப்பேன்.

கல்யாணமான மறு வருஷம் எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அத்தை அழவில்லை. அந்த மாதம் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், யார் என்ன கொண்டுவந்தார்கள், யார் என் வயிற்றைப் பார்த்துப் பேசினார்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கிடந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெளியாட்கள் தண்ணீர் கேட்டால்கூட வாசலிலேயே வைத்துக் கொடுத்தனுப்பினார். எனக்கு மூச்சு முட்டியது.

இந்த நேரத்தில்தான் அந்த ஓவன் வந்து சேர்ந்தது.

எழுபதுகளின் கடைசி. சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிற சுரங்கத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். என் அப்பா வேடிக்கை பார்க்கப் போனவர், ஒரு கரண்டு அடுப்பை ஏலத்தில் எடுத்துவிட்டார். குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவிடம் நான் ரொட்டியும் கேக்கும் செய்யக் கற்றிருந்தேன். மகள் சோர்ந்து கிடக்கிறாளே, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று அப்பா நினைத்திருக்கிறார். எனக்கு அந்த அடுப்பு உயிராகத் தெரிந்தது. அந்த வீட்டில் இது என்னுடையது என்று தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லாமல் இருந்தேன்.

ஆனால் அது மேசைமேல் வைத்துச் சுடுகிற வட்ட ஓவன் இல்லை. சுவருக்குள் பதிக்கிற சாதி. முன்பக்கம் வெள்ளைக் கதவும் எண் போட்ட திருகுகளும் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் வெறும் தகரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒயர்களும்தான். லாரியிலிருந்து இறக்கியதும் அத்தை அதை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார். உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்தார். "முன்னால மாப்பிள்ளையாட்ட இருக்குது, பின்னால துணியே இல்ல. ஏலத்துல உட்டாங்கன்னா ஏன் உட்டாங்க? உங்கப்பா கேட்டாரா?" என்றார். அப்பா கேட்டிருக்கவில்லை.

ஒயரிங் செய்ய இளம்பிள்ளையிலிருந்து ஓர் ஆள் வந்தார். அங்கே தறிப்பட்டறைகளுக்கு மோட்டார் லைன் இழுத்துப் பழகியவர். கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் கேட்கிற என் மாமியாருக்கும் எதையும் சொல்லாத அந்த மனிதருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

சமையலறையின் அக்கினி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். மெயின் போர்டோ வாசல் பக்கம். வீட்டு லைட் லைனில் இந்த அடுப்பைச் சேர்த்தால் ஒயர் வெந்துவிடும் என்று, அவர் மெயினிலிருந்து வீட்டை நீளவாக்கில் கடந்து தடித்த ஒயராகத் தனி லைன் இழுத்தார். மரச்சட்டம் அடித்து, கிளிப் வைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் தனி சுவிட்சும் ஃபியூஸும் வைத்தார். கொத்தனார் இடித்த மாடத்துக்குள் கல்நார் அட்டை ஒட்டி, பின்னால் சூடு வெளியேற ஒரு சந்து விட்டார். அத்தை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா, அந்தச் சந்து எதுக்கு?"

"வேணுமுங்க."

"எலி வராதா?"

"வராதுங்க."

"நீ எலிகிட்டக் கேட்டியா?"

அவர் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவர் போன பிறகு அத்தை வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, தரையில் வரிசையாக வைத்து ஜாண் போட்டு அளந்தார். சுவரில் ஓடுகிற ஒயரையும் அளந்தார். கணக்குச் சரியாக வந்தது. வந்ததில் அவருக்குச் சந்தோஷமில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் பார்த்து அந்த மனிதர், "ஆத்தா, ஒரு படி கல்லுப்பு வேணுமுங்க. அடுப்புக்கரி இருந்தாலும் குடுங்க" என்றார். அத்தை எழுந்தே நின்றுவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு உப்பை யாராவது வெளியே கொடுப்பார்களா? "கரண்டு அடுப்புக்கு உப்பு எதுக்கப்பா?" என்று கேட்டார்.

"அடுப்புக்கு இல்லீங்க. மண்ணுக்கு."

அதோடு வாயை மூடிக்கொண்டார். இடி தாங்குவதற்கும் ஷாக் அடிக்காமல் இருப்பதற்கும் மண்ணில் குழி தோண்டி எர்த் போடுவார்கள், உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் கடையிலிருந்து அவரே உப்பு வாங்கிவந்து, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். அத்தை அப்போது எருமைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் குழி மூடியிருந்தது. குழியிலிருந்து ஒரு கம்பி மட்டும் எழும்பி சுவர் வழியாகச் சமையலறைக்குள் போனது.

கடைசியில் அவர் செய்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டி, ஒன்றை ஃபியூஸ் பக்கம் வைத்தார், இன்னொன்றை அந்த மண்ணுக் கம்பியில் தொட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "நல்லாப் புடிக்குது" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். அத்தை என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மண்ணுல இருந்து வெளக்கு எரியுது அம்மிணி" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

முதல் ரொட்டி நன்றாகவே வந்தது. அத்தை ஒரு துண்டைப் பிய்த்துக் கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைத்தார். காக்கை தின்றுவிட்டுப் பறந்தது. அப்போதும் சாப்பிடவில்லை. "திரும்பி வரட்டும்" என்று நின்றார். அது திரும்பி வந்து இன்னும் வேண்டும் என்று கத்திய பிறகுதான் வாயில் போட்டார். போட்டதும் முகம் மாறிவிட்டது. இன்னொரு துண்டு எடுத்தார். அந்த வாரம் வீட்டுக்கு வந்த ஒருவரிடம், "எங்க ஊட்டு மருமவ சுட்டதாக்கு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பிறகு எனக்கு மறுபடி நாள் தள்ளியது. நான்காம் மாதம் தாண்டியது, ஐந்தும் தாண்டியது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு இருந்த பயத்தை அவரும் சொல்லவில்லை. அந்த உப்புக் குழி மட்டும் அவர் மனதில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஓர் அமாவாசையன்று என்னை டாக்டரிடம் காட்ட அப்பா சேலத்துக்கு அழைத்துப் போயிருந்தார். அத்தை கடப்பாரையோடு கொல்லைக்குப் போயிருக்கிறார். தோண்டத் தோண்டக் கரி, அதற்குக் கீழே உப்பு, அதற்குக் கீழே ஒரு செப்புத் தகடு. தகட்டில் புள்ளி புள்ளியாக எழுத்து. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உப்பு, கரி, எழுத்துப் பொறித்த செப்புத் தகடு இவை மூன்றும் கர்ப்பிணி இருக்கிற வீட்டுக் கொல்லையில் புதைந்து கிடந்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கம்பியை அரிவாளால் வெட்டித் தகட்டை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு பூசாரியிடம் ஓடியிருக்கிறார். பூசாரி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது மலையாளத்து எழுத்து, வெட்டிய கம்பி இனி மண்ணைத் தொடவே கூடாது என்று சொல்லி, தகட்டை ஆற்றில் விட்டுவிட்டார். அத்தை திரும்பி வந்து கம்பியின் முனையைக் கொட்டாங்கச்சிக்குள் வைத்து மூடி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டார். சாயங்காலம் நான் வந்தபோது கைகால் கழுவிக்கொண்டு சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "இனி ஒண்ணும் ஆவாது சாமி" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் நான் ஓவனைத் தொடவில்லை. அடுப்பு பழசு, உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் வருகிற அன்று காலையில் சமையலறையைக் கழுவிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சுவிட்சைப் போட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்த கை விடவில்லை. யாரோ தோள்பட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. எப்படிக் கை விட்டது என்று இன்றுவரை தெரியாது. மல்லாந்து அரிசி மூட்டைமேல் விழுந்தேன்.

அன்று முழுக்க வயிற்றில் அசைவே இல்லை. டாக்டர் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது, பயப்படாதே என்றார். சாயங்காலம் பிள்ளை ஒரு உதை விட்டபோது நான் வாய்விட்டு அழுதேன். அத்தை என் காலடியில் உட்கார்ந்து, "அந்த இளம்பிள்ளைக்காரன் என்னமோ மிச்சம் வெச்சிருக்கறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஆளனுப்பி அந்த ஒயர்மேனை வரவழைத்தார். லாரி பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் கொல்லையில் நின்றிருந்தார்கள். அவர் சைக்கிளை ஒருவன் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். அவர் யாரையும் பார்க்காமல் அதே பல்பை எடுத்து, ஃபியூஸுக்கும் மண்ணுக் கம்பிக்கும் வைத்தார். பல்ப் எரியவில்லை. மறுபடியும் வைத்தார். எரியவில்லை.

"கம்பி மண்ணோட சேந்திருந்தா அந்தம்மா மேல கரண்டு ஏறியிருக்காதுங்க" என்றார், முதல்முறையாக நீளமாக. "அடுப்புல கசியறதெல்லாம் தகட்டு வழியா மண்ணுக்குப் போயிரும். இல்லீனா ஃபியூஸ் போயிரும். அதுக்குத்தானுங்க தகடு."

நான் கட்டிலிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை எனக்கு முன்னால் நின்றிருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்ததும் அவர் கை சுவரைத் தேடியது.

தோண்டினார்கள். கொட்டாங்கச்சியும் அதற்குள் வெட்டிய கம்பியும் வந்தன. தகடு இல்லை.

"தகடு எங்கய்யா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"போட்டேனுங்க."

"கொட்டாங்கச்சிதான் இருக்குது. புதுத் தகட்டுக்குன்னு காசு வாங்கிப்போட்டு, கொட்டாங்கச்சிக்குள்ள கம்பிய உட்டு மண்ண மூடிட்டுப் போயிருக்கற. ஊட்டுல புள்ளத்தாச்சி செத்திருப்பாடா."

சட்டையைப் பிடித்துவிட்டார். மற்றவர்களும் நெருங்கினார்கள். இந்தப் பேர் விழுந்தால் இளம்பிள்ளையிலிருந்து நாமக்கல் வரை எந்த வீட்டிலும் எந்தப் பட்டறையிலும் அந்த மனிதரை ஏணியில் ஏறவிடமாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அத்தை சும்மா நின்றிருந்தால் போதும். வந்த நாளிலிருந்து அவர் அந்த ஆளைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஊர் முன்னால் நிஜமாகிக்கொண்டிருந்தது.

"உடு அவன" என்றார் அத்தை. "நாந்தான் எடுத்தேன்."

யாரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ உள்ள போம்மா, அடிதடின்னா உனக்குப் பயம்" என்றார். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். அந்த ஒயர்மேனே நம்பவில்லை. அவருக்கு இது ஏதோ புதுக் கேலி என்று தோன்றியிருக்க வேண்டும். "ஏனுங்காத்தா, நீங்களுமா?" என்றார்.

அத்தை உள்ளே போனார். கோலமாவுக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, குனிந்து, தரையில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. மார்கழிக் கோலத்துக்கு வைக்கிற மாதிரியே, எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைத்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திப் புள்ளி வைத்தார். பயத்தில் பார்த்ததால் ஒரு புள்ளிகூட அவருக்கு மறக்கவில்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து அது தலைகீழாக இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே நின்ற ஒயர்மேன்தான் முதலில் படித்தார். படித்ததும் அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"செல்லாயி" என்றார். "எங்க ஆத்தா பேருங்க."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார். புதுத் தகடு வாங்கவில்லை. வீட்டில் ஓட்டை விழுந்து கிடந்த வெந்நீர்ப் பானையை வெட்டித் தட்டி நிமிர்த்திப் போட்டிருக்கிறார். பாத்திரக் கடையில் உளி வைத்துப் பேர் வெட்டுவார்களே, அந்தப் பேர் வெட்டிய பக்கம் வந்துவிட்டது. அதனால்தான் அத்தை இல்லாத நேரம் பார்த்து அவசரமாகக் குழியை மூடினாராம்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது எந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "அப்ப பழசப் போட்டு ஏமாத்தினதுதான?" என்று மறுபடி கையை ஓங்கினார்.

அத்தை நடுவில் போய் நின்றார். "பழசோ புதுசோ, அது கெடந்த வரைக்கும் என்ற மருமவள ஒண்ணும் பண்ணல. எடுத்தவ நானு. அடிக்கறதுன்னா என்னைய அடி." மகனையும் பார்க்கவில்லை, அந்த மனிதரையும் பார்க்கவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயர்மேன் மறுநாள் சேலத்திலிருந்து புதுத் தகட்டோடு வந்தார். அவர் கம்பியை முடுக்குகிற வரை அத்தை குழிக்குள் இறங்கித் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மனிதர்தான் பொறுக்கமாட்டாமல், உப்பு எதற்கு, கரி எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் ஓவனுக்குப் போகும்போதெல்லாம் அத்தை எனக்கு முன்னால் ஓடிவருவார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை முழுசாகக் கைப்பிடிமேல் வைப்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "வா" என்பார். ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "அதுதான் எல்லாம் சரியாயிருச்சே அத்தை, இன்னுமா அவரைச் சந்தேகப்படறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"அவன இல்ல அம்மிணி" என்றார். "என்னையத்தான்."